அந்த ஐந்து பேர்

ஜூன் 4, மெத்தாம்ஃபெட்டமின் என்னும் போதைப்பொருளை விட்ட 58-ஆம் நாள்

எழுந்தேன், பல் துலக்கினேன். இரண்டுக்கும் இடையில் ஒன்றேகால் மணி நேரம் கழிந்திருந்தது.

ஜூன் 5

அலமாரியில் நானாக வாங்கிய ஏழு துணைச்சத்துப் புட்டிகள் இருக்கின்றன. அவற்றுள் நான் மிகவும் நம்பியது டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை. ஊக்கத்துக்கும் விருப்பத்துக்கும் வேண்டிய மூளை வேதிப்பொருளான டோபமைன் உடலுக்குள் டைரோசினிலிருந்துதான் உருவாகிறது என்பது உண்மை. ஆகவே டைரோசினை விழுங்கினால் டோபமைன் பெருகும் என்று நான் போட்ட கணக்குதான் பிழை. அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி ஓர் அளவுக்கு மேல் வேகம் கொள்ளாது என்பதால், மூலப்பொருளைக் கொட்டிக்கொண்டே இருப்பதால் விளைச்சல் கூடிவிடுவதில்லை. மூன்று வாரம் வெறும் வயிற்றில் விழுங்கினேன். எதுவும் நிகழவில்லை.

இரவில் மறுபடியும் அந்த 2001-ஆம் ஆண்டு ஆய்வின் சுருக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். மெத்தாம்ஃபெட்டமினை விட்ட ஐந்து பேரின் மூளையை, விட்ட ஆறு மாதத்திற்குள் ஒருமுறையும், விட்டு 12 முதல் 17 மாதங்கள் ஆனபின் இன்னொருமுறையும் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குறைந்துபோயிருந்த டோபமைன் கடத்திகள் (டோபமைனை நரம்பணுவுக்குள் திரும்ப எடுத்துச்செல்லும் புரதங்கள்) ஒரு பகுதியில் 19 விழுக்காடும் மற்றொரு பகுதியில் 16 விழுக்காடும் கூடியிருந்தன. வெறும் ஐந்து பேர்தான். அந்த மாதங்களில் அவர்கள் காலையில் எப்படி எழுந்தார்கள்? எதை நம்பி எழுந்தார்கள்? சுருக்கத்தில் அது இல்லை.

ஜூன் 9

புட்டிகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, இரண்டைத் தனியே ஒதுக்கினார்: செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை, உடலில் செரோடோனினாக மாறும் 5-எச்டிபி. நான் மூன்று வாரமாக செர்ட்ரலின் என்னும் மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அத்துடன் இவற்றில் எதைச் சேர்த்தாலும் செரோடோனின் என்னும் மூளை வேதிப்பொருளின் அளவு மீறி உயர்ந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகக்கூடும் என்றார். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் வேறு பல மருந்துகளைக் கல்லீரல் விரைந்து கழித்துவிடும்படியும் செய்யுமாம். கருத்தடை மாத்திரை, ஓபியாய்டு போதையிலிருந்து மீளத் தரப்படும் மெதடோன் போன்றவை அதனால் பலனிழந்து போகலாம். மூலிகைதானே, தீங்கு செய்யாது என்று எண்ணி இரண்டையும் வாங்கியிருந்தேன். இன்னும் திறக்கவில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது. இதைப் படிப்பவர்களில் ஒருவரேனும் மனச்சோர்வு மாத்திரையோடு இவற்றைச் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜூன் 10

படுக்கையிலேயே பகல் போயிற்று.

ஜூன் 14

கனவில் மீண்டும் பயன்படுத்தினேன். விழித்தபோது குற்றவுணர்வும், அதைவிடக் கொடிதாக ஏமாற்றமும் இருந்தன. இத்தகைய கனவுகள் விட்டவர்களுக்கு வருவது வழக்கம்தான் என்று தெரிந்திருந்தும் உடல் அதை ஏற்க மறுத்தது. எத்தனை மணிக்கு உறங்கினாலும் 6 மணிக்கு எழுந்துவிட வேண்டும், எழுந்தவுடன் அரை மணி நேரம் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், நண்பகலுக்குப் பிறகு காபி கூடாது என்பவை எனக்குச் சொல்லப்பட்ட மூன்று விதிகள். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இன்று 6 மணிக்கு எழுந்தேன். மற்ற இரண்டைக் கடைப்பிடிக்கவில்லை.

ஜூன் 15

இரவு 2:10. இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது வந்தால் தனியே இருக்கக் கூடாது, உடனே ஒருவரை அழைக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த தாள் தலையணைக்கு அடியில் இருந்தது. அக்காவை அழைத்தேன். "ஏன் இந்த நேரத்தில்" என்று அவள் கேட்கவில்லை. "பேசு, கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றாள். எனக்குப் பேச எதுவும் இல்லை. விடியும்வரை இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை.

ஜூன் 21

நடை: 25 நிமிடம். நிறைவு 4, மகிழ்ச்சி 0.

ஒவ்வொரு செயலுக்கும் பத்துக்கு இத்தனை என்று இவ்வாறு இரண்டு மதிப்பெண் போடச் சொல்லியிருக்கிறார்கள். விருப்பம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் இந்த நோயில் விருப்பம் வரவே வராது, செயல்தான் முன்னே போக வேண்டும் என்பது இதன் அடிப்படை. மனம் இதை ஏற்கவில்லை. கால்கள் மட்டும் ஏற்றுக்கொண்டு நடக்கின்றன.

மீன் எண்ணெய்ப் புட்டியை இன்றுதான் முழுமையாகப் படித்தேன். முன்பக்கத்தில் பெரிதாக 1,000 மில்லிகிராம் என்றிருப்பது எண்ணெயின் எடை. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில், அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள்: இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மில்லிகிராம். மனச்சோர்வில் ஓரளவு பயன் காட்டிய ஆய்வுகளில் இ.பி.ஏ.தான் பெரும்பங்கு, நாளொன்றுக்கு அது ஏறத்தாழ ஒரு கிராம் இருந்தது. நான் விழுங்கிய ஒற்றை உருண்டையில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு மாதம் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தது எனக்குத் துயரமாக இருக்கிறது.

அந்த ஐந்து பேரில் யாரேனும் இப்படி மதிப்பெண் போட்டிருப்பார்களா?

ஜூன் 27

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம்; இருபதுக்குக் கீழே போனால் குறைபாடு என்கிறார்கள். என் நிலையில் ஏதோ ஒன்று தாளில் எண்ணாக நிற்பதைக் கண்டு அழுகை வந்தது. ஆனால் மருத்துவர் கவனமாகவே பேசினார்: குறையை நிரப்பத்தான் வேண்டும், அதற்காக எல்லாச் சோர்வும் அதிலிருந்து வந்ததென்று எண்ணிவிடக் கூடாது. ஏழு புட்டிகளில் இப்போது எஞ்சியிருப்பவை மீன் எண்ணெயும் மெக்னீசியமும் மட்டுமே. மெக்னீசியத்தைக்கூட, வயிற்றுப்போக்கு வந்ததால், பாதியாகக் குறைத்துவிட்டேன். வைட்டமின் டி புதிதாகச் சேர்கிறது.

ஜூலை 2

இன்று யாரும் என்னிடம் "நேர்மறையாகச் சிந்தி" என்று சொல்ல வேண்டாம்.

ஜூலை 9, 93-ஆம் நாள்

6 மணிக்கு எழுந்தேன், வெளிச்சத்தில் உட்கார்ந்தேன், 40 நிமிடம் நடந்தேன். பாதி வழியில் அக்கா அழைத்து, சிறுவயதில் நான் குடைக்குள் பூனையை ஒளித்துவைத்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு வழக்கம்போல் கண்ணாடிக்கு அப்பால் நின்றுவிடாமல், ஒரு நொடி, எனக்குள் வந்து போயிற்று. வீட்டுக்கு வந்ததும் மகிழ்ச்சிக்கு 2 என்று எழுதினேன். எழுதிய பிறகு, அது செர்ட்ரலினாலா, நடையாலா, நாட்கள் கழிந்ததாலா என்று மாலைவரை துருவிக்கொண்டிருந்தேன். 12 மாதம் நிறைவதற்கு இன்னும் 272 நாட்கள் இருக்கின்றன. நாளைக் காலை அக்காவும் நடக்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.