அப்பாவின் லேலண்டை ஏற்றிவர ஒரு கூஸ்நெக் தேடிய கதை

பாலக்கோடு பக்கம் எங்கள் பழைய வீட்டுப் புளியமரத்தடியில் பதினாறு வருஷம் நின்ற அப்பாவின் லேலண்டு காமெட், போன வாரம் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நான் வாடகைக்குப் பிடித்திருக்கும் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. 1978 மாடல். எண்ணூரில் செய்த வண்டி. ஓசூர் ஆலையே 1980-ல்தான் வந்தது, ஆனாலும் பார்க்கிறவர்கள் எல்லாம் “ஓசூர்ல செஞ்சதுங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். மாங்காய், புளி, தக்காளி என்று அப்பா அதில் ஏற்றாத சரக்கு இல்லை. அதை ஏற்றிக்கொண்டு வர ஒரு வண்டி தேடியதில் எனக்கு மூன்று வாரமும் ஒரு அட்வான்ஸும் போயின.

முதலில் டிரைலர் யோசனையே இல்லை. ரெக்கவரி வண்டியில் முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று மெக்கானிக் மாமா சொன்னார். அப்படி இழுத்தால் பின்சக்கரம் சுற்றும்போது, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்டும் சுற்றும், அதோடு கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் சுற்றும். இன்ஜின் ஓடாததால் கீழே இருக்கும் பல்சக்கரங்கள் ஆயிலை மேலே வாரி அடிக்காது. காய்ந்தபடியே சுற்றிக் கியர்பாக்ஸ் போய்விடும். அதனால் பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் ஆக்சில் ஷாஃப்ட் இரண்டையும் உருவிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். உருவப் போனேன். இடது பக்க ஹப்பில் ஸ்பேனர் போட்டதும் மூன்றாவது ஸ்டட் போல்ட் முறுக்கு மாதிரி உடைந்து கையோடு வந்தது. பிரேக்கும் சுத்தமாக இல்லை. காரிமங்கலம் தாண்டி நாற்பத்து நாலாம் நம்பர் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகளுக்கு நடுவே பிரேக் இல்லாத லாரியை உருட்டிக்கொண்டு வருவதா? வேண்டாம் என்று விட்டேன்.

அப்புறம் ராத்திரி எல்லாம் அமெரிக்கக்காரர்களின் வீடியோ. அங்கே பழைய லாரி பித்துப் பிடித்தவர்கள் பிக்கப் வண்டியின் தொட்டிக்கு நடுவே, பின் ஆக்சிலுக்கு மேலே, 2 5/16 அங்குல இரும்புக் குண்டு ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். டிரைலரின் கழுத்து வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து வந்து அந்தக் குண்டின் மேல் உட்கார்கிறது. இதைத்தான் கூஸ்நெக் என்கிறார்கள். பம்பருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுப்பதை விட இது நன்றாக நிற்கும், வால் ஆட்டம் குறைவு. பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. மச்சானிடம் ஒரு பொலேரோ பிக்கப் இருக்கிறது, லேத்தில் ஒரு கழுத்து அடித்துக்கொள்ளலாமே என்று காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஆர்சி புக்கில் எங்கள் வண்டியின் வெறும் எடை 5,140 கிலோ. டிரைலர் எவ்வளவு இலேசாகச் செய்தாலும் 3 டன். ஆக 8 டன்னுக்கு மேல். கூஸ்நெக்கில் மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதம் கழுத்து வழியாக இழுக்கும் வண்டியின் மேல் இறங்க வேண்டும், அப்போதுதான் ஆடாமல் வரும். 8 டன்னில் அது 1,600 முதல் 2,000 கிலோ. அதுவே பொலேரோவுக்கு முழு லோடு. அதை ஏற்றிக்கொண்டு, அதற்கு மேல் 8 டன்னை இழுக்கவும் வேண்டும். நிறுத்தவும் வேண்டும். மச்சானிடம் பேச்சையே எடுக்கவில்லை.

சரி, நம் ஊரில் கூஸ்நெக் என்றால் என்ன? கிரானைட் குவாரிக்கு பொக்லைன் ஏற்றிப்போகும் லோபெட்தான். அதிலும் கழுத்து இருக்கிறது. ஆனால் குண்டு இல்லை. டிரைலரை இழுக்கும் முன்வண்டியான ஹார்ஸின் முதுகில் பிஃப்த் வீல் என்ற வட்டத் தகடு, டிரைலர் கழுத்தின் அடியில் 2 அங்குல கிங்பின். அது தகட்டின் வாய்க்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். கழுத்து உயரமாக ஏறி ஹார்ஸின் மேல் படுத்துக்கொள்வதால் பின்னால் மேடை தாழ்ந்து கிடக்கிறது. அமெரிக்கப் பிக்கப்காரனுக்குக் கழுத்தில் இறங்கும் எடைதான் தலைவலி. இங்கே 25, 30 டன் இயந்திரம் ஏற்றும் வண்டிக்கு என் 5 டன் ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் எந்த லோபெட் கிடைத்தாலும் சரிதானே என்று நினைத்தேன். அங்கேதான் அட்வான்ஸ் போனது.

போன் பண்ணி “லோபெட் வேணும்” என்றேன். வந்து நின்றது செமி லோபெட், மேடை அவ்வளவு தாழாத வகை. மேடை உயரம் 1.2 மீட்டர், ராம்ப் நீளம் 2.4 மீட்டர். சரிவு கிட்டத்தட்ட 30 டிகிரி. ஜேசிபி வைத்து இழுத்தோம். முன்சக்கரம் ராம்ப் உச்சியைத் தாண்டி மேடைக்குப் போனது. பின்சக்கரம் இன்னும் தரையில். நடு வயிறு உச்சி விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டது. சைலன்சர் நசுங்கிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஜாயின்ட் ஷாஃப்டின் நடு பேரிங் பிராக்கெட்டுக்கும் இரும்பு விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழைந்தது. அப்படியே பின்னால் இறக்கி, வண்டியைத் திருப்பி அனுப்பினேன். கொடுத்த அட்வான்ஸைக் கேட்கவும் முடியவில்லை. மேடை உயரம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டயருக்குக் காற்று அடித்த பிறகு, கேபினுக்கு மேலே இருக்கும் மரக் கிரீடத்தோடு லாரியின் உயரம் 3.05 மீட்டர். கிரீடத்தைக் கழற்றினால் 2.60. போகிற வழியில் ஒரு ரயில்வே கீழ்ப்பாலம், போர்டில் 3.8 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. சாதாரண நீள டிரைலரின் மேடை 1.5 மீட்டர், கிரீடத்தைக் கழற்றினாலும் 4.1 வரும், முடியாது. அன்று வந்த செமி லோபெட்டில் ஏறியிருந்தால் சரியாக 3.8. பாலத்தில் உரசிக்கொண்டுதான் போயிருக்கும். ஏறாமல் போனது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. 95 சென்டிமீட்டர் மேடையுள்ள முழு லோபெட்டில், கிரீடம் இல்லாமல், 3.55. ஒரு சாண் இடைவெளி மிஞ்சும்.

கழற்றிப் பூட்டும் கழுத்துள்ள டிரைலரையும் விசாரித்தேன். ஹைட்ராலிக்கில் கழுத்து தனியே பிரிந்து, மேடையின் முன்முனை தரையில் இறங்கிவிடும். லாரி முன்பக்கமாகவே ஏறலாம், ராம்ப் சரிவே கிடையாது. கேட்கவே இனிக்கிறது. ஆனால் கழுத்தைப் பிரிக்க ஹார்ஸ் நேராக முன்னால் போக வேண்டும், மறுபடி நேராக ரிவர்ஸில் வந்து கோக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சந்தில் வீட்டுக்கு முன்னால் இருபது அடியில் மாரியம்மன் கோயில் சுவர். வாடகையும் மூன்று மடங்கு சொன்னார்கள். அந்தப் பேச்சை விட்டேன்.

இந்த முறை போனில் நாலு கேள்வி கேட்டேன்: மேடை உயரம், ராம்ப் நீளம், கழுத்துக்குப் பின்னால் மேடையின் நீளம், டிரைலரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. நாலாவதைக் கேட்டதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “வண்டி வச்சிருக்கீங்களா சார்?” என்றார்.

வந்த டிரைவர் அண்ணனுக்கு அறுபது வயது இருக்கும். லாரியைச் சுற்றி வந்து, கீழே குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, ராம்ப் நுனிக்கு மண்ணு போடுங்க” என்றார். ஜேசிபியால் ஒன்றேகால் அடி உயரத்துக்கு மண் கொட்டி, பக்கெட்டாலேயே தட்டி இறுக்கினோம். 20 டிகிரி இருந்த சரிவு பன்னிரண்டு, பதின்மூன்றுக்கு இறங்கியது. மேடைக்கு முன்னால் கம்பிக் கயிறு போட்டு இழுத்தபோது, வயிறு விளிம்பைத் தொடவே இல்லை. இன்ஜின் பக்கம் கழுத்தை நோக்கி இருக்கும்படிதான் ஏற்ற வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். காலி லாரியில் கனம் எல்லாம் முன்னால், அது கழுத்துப் பக்கம் இருந்தால் டிரைலர் ஹார்ஸை அமுக்கிக்கொண்டு வரும், பின்னால் இருந்தால் வால் ஆடும் என்றார். வீடியோவில் நான் படித்த அதே சதவீதக் கணக்கு. அவருக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை.

சங்கிலியை சேசிஸில் போடப் போன என்னைத் தடுத்து ஆக்சிலில் போடச் சொன்னார். சேசிஸில் கட்டினால் பள்ளத்தில் ஸ்பிரிங் பட்டை அமுங்கும், சங்கிலி தொளதொளவென்று ஆகிவிடும். நாலு மூலைக்கும் சங்கிலி, ஒவ்வொன்றுக்கும் அதை முறுக்கி இறுக்க ஒரு டர்ன்பக்கிள், எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி மறுபடி முறுக்கினார். இரண்டு டர்ன்பக்கிள் அரைச் சுற்று எடுத்தது.

ராத்திரி பதினொன்றுக்குக் கிளம்பினோம். கீழ்ப்பாலத்தில் நான் இறங்கி டார்ச் அடித்துக்கொண்டே முன்னால் நடந்தேன். ஒன்றும் தட்டவில்லை. சிக்கல் வந்தது பள்ளிக்கூடத்து வேகத்தடையில். ஹார்ஸ் தாண்டிவிட்டது, டிரைலரின் தாழ்ந்த வயிறு திட்டின் மேல் உரசப் போனது. அண்ணன் வண்டியிலிருந்து ஏழெட்டு மரப்பலகையை இறக்கி, பின்சக்கரம் வரும் தடத்தில் பரப்பினார். சக்கரம் பலகையில் ஏறியதும் வயிறு நாலு விரல் தூக்கிக்கொண்டது. வண்டி நகர்ந்தபோது பலகைகள் ஒவ்வொன்றாக டப் டப்பென்று அடித்தன, எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது.

காவேரிப்பட்டணத்துக்கு முன்னால் ஒரு எடை மேடையில் நிறுத்தினோம். டிரைலரின் வெறும் எடையைக் கழித்தால் லாரி மட்டும் 5,460 கிலோ. ஆர்சி புக்கை விட 320 கிலோ கூட. தொட்டிக்குள் பதினாறு வருஷத்துப் புளிய இலை மக்கி மண்ணாகி, அதில் ஒரு வேப்பங்கன்று இடுப்புயரம் வளர்ந்திருந்தது. அதைப் பிடுங்க மனசில்லாமல் அப்படியே ஏற்றியிருந்தேன்.

பழையபேட்டைச் சந்தில் டிரைலர் திரும்பாது என்று முன்பே தெரியும். மெயின் ரோட்டிலேயே விடியற்காலை இரண்டரை மணிக்கு இறக்கி, பக்கத்து வீட்டு டிராக்டரால் ஷெட்டுக்குள் இழுத்தோம். இறக்கும்போது மண் மேடு போட இடமில்லை. அண்ணனின் அதே பலகைகளை ராம்ப் நுனிக்கு அடியில் அடுக்கிச் சமாளித்தோம். நசுங்கிய சைலன்சரைத் தவிர வேறு சேதம் இல்லை.

நேற்று, இறுகிக் கிடந்த இன்ஜினின் ஆறு சிலிண்டரிலும் டீசல் ஊற்றி ஊற வைத்தேன். இன்று காலை கம்பியைக் கொடுத்துத் தள்ளியதில் ஃப்ளைவீல் கால் சுற்று நகர்ந்தது. வேப்பங்கன்று ஷெட்டுக்கு வெளியே, ஒரு பெயின்ட் டப்பாவில்.