காயத்துக்குக் கட்டுப்போட ஆளில்லாத ஊர்

ஹிரோஷிமாவில் அமெரிக்கா அணுகுண்டு போட்டது சரியா தவறா என்ற பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு கணக்கில் வந்து நிற்கும். குண்டு போடாமல் அமெரிக்கப் படை ஜப்பானில் இறங்கியிருந்தால் இதைவிட அதிகம் பேர் செத்திருப்பார்கள் என்று ஒரு தரப்பு சொல்லும். ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவில் சோவியத் படை நுழைந்ததே போதும், ஜப்பான் எப்படியும் சரணடைந்திருக்கும் என்று மறுதரப்பு சொல்லும். வரலாற்று ஆசிரியர்கள் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் கவலையெல்லாம் இந்தக் கணக்கில் விடுபட்டுப் போகிறவர்களைப் பற்றியது: அன்று சாகாமல், காயத்தோடு கிடந்தவர்கள். போரில் அடிபட்டவரைத் தூக்கி வந்து மருந்து போட வேண்டும் என்பது எதிரிக்கும் பொதுவான பழைய கடமை. அதைச் செய்யவே வழியில்லாமல் ஆக்குகிற ஆயுதம் இது.

1945 ஆகஸ்ட் 6 காலை 7:09க்கு ஹிரோஷிமாவில் அபாயச் சங்கு ஒலித்தது. 7:31க்கு ஆபத்து நீங்கியதாக அறிவித்தார்கள். ஜனங்கள் வெளியே வந்து அவரவர் வேலைக்குப் போனார்கள். தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்துச் சந்து விடும் வேலையில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 8:15க்கு, தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அதிலிருந்த 64 கிலோ யுரேனியத்தில் பிளவுபட்டது ஒரு கிலோகூட இல்லை. அதற்கே 15 கிலோ டன், அதாவது 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமமான விசை. குறி வைத்தது ஊர் நடுவிலிருந்த அயோய் பாலத்துக்கு. குண்டு கொஞ்சம் விலகி ஷிமா மருத்துவமனைக்கு மேலே வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

ஊரில் ராணுவத் தலைமையகம் இருந்தது, ஆயிரக்கணக்கில் சிப்பாய்களும் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இலக்கைத் தேர்ந்த அமெரிக்கக் குழு 1945 மே மாதம், குண்டை உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் கூடியபோது, தொழிற்சாலைகள் ஊர் ஓரங்களில் சிதறிக் கிடப்பதால் அவற்றைக் குறிவைக்க வேண்டாம், ஊரின் மையத்திலேயே போடலாம் என்றுதான் குறித்து வைத்தது. பொதுமக்கள் தற்செயலாக நடுவில் அகப்பட்டார்கள் என்ற வாதம் இந்தக் குறிப்போடு ஒத்துப்போகவில்லை.

இப்போது காயங்களைப் பார்ப்போம். வெடிப்பின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அதிர்வலை, மூன்றில் ஒரு பங்கு வெப்பம், மிச்சம் கதிர்வீச்சு. ஒளியும் வெப்பமும் முதலில் வந்துவிடும். அதிர்வலை அதற்குப் பின்னால்தான் வரும். அதனால் வெளியில் நின்றவர்களின் உடம்பில் வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் வெந்தது. பூப்போட்ட கிமோனோ கட்டியிருந்த பெண்களுக்குத் துணியின் கறுப்பு நிறம் வெப்பத்தை வாங்கித் தோலுக்குக் கடத்தியது, வெள்ளை திருப்பி அனுப்பியது. முதுகில் பூ வடிவிலேயே தீக்காயம் பதிந்த படங்கள் இன்றும் இருக்கின்றன.

இப்படி வெந்தவரைக் காப்பாற்ற என்ன வேண்டும்? இன்றைய முறைப்படி 50 கிலோ எடை, உடம்பில் 40 சதவீதம் தீக்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையைக் காயத்தின் சதவீதத்தால் பெருக்கி, அதை நாலு மில்லியால் பெருக்கினால் 8 லிட்டர் வரும். முதல் 24 மணி நேரத்தில் இவ்வளவு ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை நரம்பு வழியே ஏற்ற வேண்டும், அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் எண்ணப்படுவது காயம்பட்ட நேரத்திலிருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. மணிக்கு 25 மில்லியாவது சிறுநீர் பிரிகிறதா என்று குழாய் போட்டு ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தீக்காயம் பட்டவரின் ரத்த நாளங்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிந்து வெளியேறிக்கொண்டிருக்கும்; அதை இப்படி ஈடுகட்டாவிட்டால் ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் நின்றுபோகும். அரை லிட்டர் பாட்டில் என்றால் ஓர் ஆளுக்கு 16. இப்படிப் பத்தாயிரம் பேர் இருந்தால் முதல் நாளைக்கே 1,60,000 பாட்டில். ஒட்டுத்தோல், மயக்க மருந்து, கிருமித் தொற்றுக்கான மருந்து எல்லாம் அதற்கு மேல்.

ஹிரோஷிமாவில் கையிலிருந்தது மெர்க்குரோக்ரோம் என்ற சிவப்புக் காயமருந்தும் சமையல் எண்ணெயும். நினோஷிமா தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்துக்குப் படகில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். எங்கும் ஒரே குரல், தண்ணீர். உடம்பின் நீர் கசிந்து போனவருக்கு அந்தத் தாகம் வராமல் இருக்காது. தண்ணீர் கொடுத்தால் செத்துப்போவார்கள் என்ற நம்பிக்கை இருந்ததால் பலருக்கு அதையும் மறுத்தார்கள். மறுத்தவர்கள் ஆயுள் முழுக்க அதை நினைத்து வருந்தினார்கள்.

சிகிச்சை தர வேண்டியவர்கள் எங்கே? ஊரில் இருந்த சுமார் 300 மருத்துவர்களில் 270 பேர் இறந்தோ காயம்பட்டோ கிடந்தார்கள். 1,780 செவிலியர்களில் 1,654 பேருக்கு அதே கதி. மூன்று நாள் கழித்து நாகசாகியில் வெடித்த குண்டில் மருத்துவக் கல்லூரியே நொறுங்கி, மாணவர்களும் ஆசிரியர்களும் ஊழியர்களுமாகச் சுமார் 900 பேர் போனார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் மார்செல் ஜூனோ மருந்துகளோடு ஹிரோஷிமா வந்து சேர்ந்தது செப்டம்பர் 8. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த மாதத்துக்குள்தான் இரண்டாவது சாவு வந்தது. உடம்பில் கீறல்கூட இல்லாதவர்களுக்கு முடி கொத்தாக உதிர்ந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது, தோலில் ஊதாப் புள்ளிகள் வந்தன. கதிர்வீச்சு கொல்வது எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல உயிரணுக்களை. ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் அணுக்கள் தம் ஆயுள் முடியும்வரை ஓடும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களுக்குப் பத்து நாள் ஆயுள், கிருமியோடு மோதும் வெள்ளை அணுக்களுக்கு ஒரு நாளும் இல்லை. இருப்பு தீர்ந்து, புது வரவு நின்று, மூன்றாம் நாலாம் வாரத்தில் ஆள் சாய்கிறார். நாலு கிரே (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சு பட்டு, சிகிச்சையும் இல்லையென்றால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. தீக்காயமும் கதிர்வீச்சும் சேர்ந்தால் இன்னும் மோசம். தனியாக வந்திருந்தால் ஆறியிருக்கும் காயம், வெள்ளை அணு இல்லாத உடம்பில் சீழ்பிடித்துக் கொல்லும். அறுவை செய்வதானால் முதல் இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். விட்டால் மஜ்ஜை தேறும்வரை கத்தி வைக்க முடியாது.

செர்னோபில் அணு உலை விபத்தில் 1986இல் கடும் கதிர்வீச்சு நோய் உறுதியானவர்கள் 134 பேர். அவர்களைக் கவனிக்க மாஸ்கோவில் சேதமில்லாத மருத்துவமனை இருந்தது, ஒரு வல்லரசின் மருத்துவமே பின்னால் நின்றது. அப்படியும் முதல் சில மாதங்களில் 28 பேர் இறந்தார்கள். ஹிரோஷிமாவில் அந்த வருடக் கடைசிக்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000. கட்டாய வேலைக்கு வந்திருந்த கொரியர்களும் அதில் ஆயிரக்கணக்கில் அடக்கம்.

சட்டம் இதைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. குண்டு வீசியது சர்வதேசச் சட்டத்துக்கு முரண் என்று 1963இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது; ஆனால் வழக்குப் போட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. 1996இல் சர்வதேச நீதிமன்றம், அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்டத்துக்கு விரோதமானது என்றது. ஒரு நாட்டின் உயிர்வாழ்வே ஆபத்திலிருக்கும் தற்காப்பில் எப்படி என்பதை மட்டும் முடிவாகச் சொல்ல முடியவில்லை என்று விட்டுவிட்டது. நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிய, தலைவரின் வாக்கால் முடிந்தது. அந்த விலக்குகூடக் கூடாது என்று நீண்ட மாற்றுக் கருத்து எழுதியவர் அந்த நீதிபதிகளில் ஒருவரான இலங்கையின் கிறிஸ்டோபர் வீரமந்திரி. ஆயுதமேந்தாதவர்களையும் சேர்த்து அழிக்கும் அஸ்திரத்தை விட வேண்டாம் என்று ராமன் லட்சுமணனைத் தடுத்ததையும், அர்ஜுனன் பாசுபதாஸ்திரத்தைத் தொடாமல் விட்டதையும் அதில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இப்போது சில நாடுகளில் "சின்ன குண்டு" பேச்சு அடிபடுகிறது. 5 கிலோ டன் என்றால் அடக்கமாகப் போர்க்களத்தில் பயன்படுத்தலாம் என்கிறார்கள். விசை மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் அதிர்வலையின் எல்லையும் மூன்றில் ஒன்றாகாது. அது விசையின் கன மூலத்தைப் பொறுத்துச் சுருங்குவதால், ஹிரோஷிமா எல்லையில் 70 சதவீதம் மிஞ்சும். வெப்பத்தின் எல்லை அதைவிட வேகமாகச் சுருங்கும், உடனடிக் கதிர்வீச்சின் எல்லை மிக மெதுவாகத்தான் சுருங்கும். ஆக, குண்டு சின்னதாக ஆக, அதிர்விலும் தீயிலும் தப்பி வருகிறவர்களில் கதிர்வீச்சு வாங்கியவர்களின் பங்கு கூடும். அவர்களில் ஒவ்வொருவருக்கும் கிருமி அண்டாத தனி அறையும், வாரக்கணக்கில் தட்டணுவும் ரத்தமும் வேண்டும்.