உப்புக்காற்றில் மரவேலை

எங்கள் பட்டறைக்குப் பழுதுபார்க்க வருகிற கதவு, அலமாரி, கட்டில் எதை எடுத்துப் பார்த்தாலும் மரம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கீல் இற்றுப்போயிருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றப் போனால் தலை மட்டும் கையோடு வரும். அதைச் சுற்றி மரம் கறுத்து, நெடுக்கில் ஒரு கீறலும் விட்டிருக்கும். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் உச்சிப்புளி தாண்டிவிட்டால் ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். வாடை அடித்தாலும் கச்சான் அடித்தாலும் உப்பு வீட்டுக்குள் வந்துதான் தீரும். மரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்துவிட்டு ஸ்க்ரூவில் சிக்கனம் பார்க்கிற பழக்கம் மட்டும் இந்தப் பக்கத்தில் மாறவே இல்லை.

இப்போது வீட்டு வேலையைத் தாங்களே செய்து பார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருகிற பையன்கள் ட்ரில்லிங் மிஷினோடுதான் இறங்குகிறார்கள். யூடியூப் பார்த்து அலமாரி அடிக்கிறார்கள், செருப்பு ஸ்டாண்டு செய்கிறார்கள். செய்யட்டும், எங்கள் பிழைப்பு ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அந்த வீடியோவில் வேலை காட்டுகிற ஆள் எங்கள் மண்டபம் ஊரில் குடியிருக்கவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் தேக்கில் தானே செய்த ஊஞ்சல் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலை சுத்தம். ஸ்க்ரூ இருந்த இடமெல்லாம் மை கொட்டியது போலக் கறுப்பு.

"தேக்குன்னு சொல்லி ஏமாத்திட்டாங்களாண்ணே?"

"மரம் தேக்குதாம்ப்பா. ஸ்க்ரூ என்ன போட்ட?"

"கடையில மஞ்சளா இருக்குமே, அதுதாண்ணே."

அந்த மஞ்சள் நிறம் துத்தநாகப் பூச்சின் மேல் கொடுக்கிற மெருகு. ஸ்க்ரூவை முடுக்கும்போதே மரத்தில் உரசிப் பூச்சு போய்விடுகிறது. உள்ளே இருப்பது வெறும் இரும்பு. தேக்கு, கருவேலம் மாதிரி துவர்ப்புள்ள மரத்தில் ஈர இரும்பு பட்டால் கறுப்புச் சாயம் இறங்கும். ஆக்ஸாலிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்துத் தடவினால் கறை போகும். விஷம் அது, கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைக்க வேண்டும். ஆனால் ஸ்க்ரூவை மாற்றாமல் கறையை மட்டும் எடுப்பது வீண் வேலை. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அது ஊதி ஊதித்தான் மரத்தைப் பிளக்கிறது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் 304 என்கிற ரகம் போதும். கடலைப் பார்த்த வாசல், மொட்டைமாடி என்றால் 316. மாலிப்டினம் கலந்தது, உப்பைத் தாங்கும், விலையும் கூடுதல். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். 202 என்கிற மட்டமான ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் இந்தக் காற்றில் அது சீக்கிரமே துருப்புள்ளி விட்டுவிடும். பெட்டியின் மேல் எண் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் கொஞ்சமாவது நம்பிக்கை. பித்தளை ஸ்க்ரூவும் நல்லதுதான், ஆனால் மெத்து. நேராக முடுக்கினால் பாதியில் முறிந்துவிடும். முதலில் சின்ன ஓட்டை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை ஏற்றி இறக்கி மரையை வெட்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் பித்தளையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக் கையாலேயே திருக வேண்டும். மிஷினை வைத்தால் போச்சு.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அதற்கு அத்தனை பக்குவம் பார்க்கும்போது உங்கள் வீட்டுக் கீலுக்குப் பித்தளை கேட்டால் முகம் சுளிப்பதில் நியாயமில்லை.

அடுத்தது பெயின்ட். பழைய ஜன்னலுக்குப் புதுப் பூச்சு அடிக்கப் போகிறவர் முதலில் எடுப்பது உப்புத்தாள். இங்கே முதலில் எடுக்க வேண்டியது வாளியும் துணியும். ஜன்னல் சட்டத்தை நக்கிப் பார்த்தால் கரிக்கும். அப்படியே தேய்த்தால் அந்த உப்பை மரத்தின் கண்ணுக்குள் நீங்களே திணிக்கிறீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும், நம் ஊரில் விடியற்காலை பெரும்பாலும் அப்படித்தான். பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கொப்புளமாகப் பெயின்ட்டைத் தூக்கிவிடும். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. கழுவுகிற தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். போர் தண்ணீர் பாதி வீடுகளில் உவர்ப்பு, அதை வைத்துக் கழுவினால் இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் உப்பு. காவிரித் தண்ணீர் வருகிற அன்று இரண்டு குடம் ஒதுக்கி வையுங்கள். இரண்டு நாள் வெயிலில் காய விட்டு, அப்புறம் உப்புத்தாள்.

வெளிக்கதவுக்கு வார்னிஷ் அடிக்கச் சொல்பவர்களிடம் நான் வாதாடுவேன். மரத்தின் அழகு தெரிய வேண்டும் என்பார்கள். வெயில், வார்னிஷைத் தாண்டி மரத்தின் மேல்தோலையே அரித்துவிடும். அப்புறம் வார்னிஷ் பொருக்குப் பொருக்காக உரியும். பெயின்ட்டில் இருக்கிற நிறம்தான் வெயிலுக்கு மறைப்பு. உள்ளே எதை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள். ஆளி விதை எண்ணெய் தடவுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. சூடேறித் தானே தீப்பிடிக்கிற சங்கதி அது. விரித்து வெளியே காயப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எனக்கு வருகிற போனெல்லாம் ஒன்றுதான்: கதவு சாத்தவில்லை, வந்து இழைத்துக் கொடு. அந்த மாதத்தில் இழைப்புளியை எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. மரம் நெடுக்கில் வளராது, குறுக்கில்தான் ஊதும். ஒரு அடி அகலத் தேக்குப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடிக் குறையும். மழையில் இழைத்த கதவுக்குச் சித்திரையில் பார்த்தால் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் பல்லி புகுந்து போகும். தை கழியட்டும், அதுவரை கொஞ்சம் அழுத்திச் சாத்துங்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். கதவு ஊதியதா, இறங்கியதா? மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்தால் கதவு சரிந்து, பூட்டுப் பக்கத்தின் கீழ் மூலை தரையில் உரசும். கதவைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் பக்கம் ஆடினால் குற்றம் மரத்தில் இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டைக்குள் மூங்கில் சீவலைப் பசை தடவி இறுக்கமாக அடித்து, மறுநாள் உளியால் மட்டமாக வெட்டிவிட்டு மறுபடி முடுக்குங்கள். அரை மணி நேர வேலை. யாரையும் கூப்பிட வேண்டாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கதவைக் கழற்ற நேர்ந்தால் அடிவிளிம்பைக் கவிழ்த்துப் பாருங்கள். பூச்சே படாத வெறும் மரம் தெரியும். முகத்துக்கு மூன்று கோட்டு அடித்த பெயின்டர் கீழ்விளிம்பைத் தொட்டிருக்கவே மாட்டார். நெட்டுச் சட்டத்தின் வெட்டு முனை அங்கேதான் இருக்கிறது, தண்ணீரை உறிஞ்சுவதும் அங்கேதான். வாசல் கழுவுகிற ஒவ்வொரு நாளும் கதவு கொஞ்சம் குடிக்கிறது. மேல்விளிம்பும் அப்படித்தான். கதவு கழன்று கிடக்கும்போதே இரண்டு விளிம்புக்கும் பிரைமர் அடித்துப் பெயின்ட் ஏற்றிவிட்டால் அடுத்த கார்த்திகையில் பாதித் தொல்லை குறையும்.

சுவரில் அலமாரி மாட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் செங்கல்லாக இருக்காது. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, யாரும் எடுக்க முடியாது. ஆனால் அதற்கு முந்தின சுவர்கள் அப்படியேதான் நிற்கின்றன. மிஷினைச் சுத்தியல் முறையில் வைத்துத் துளைத்தால் ஓட்டை கிண்ணம் மாதிரி உதிர்ந்துவிடும். சுத்தியலை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில் மெதுவாகத் துளைத்து, நீளமான பிளக் போடுங்கள். பாரம் அதிகம் என்றால் சுவரை நம்பாதீர்கள், தரையில் நிற்கிற மாதிரி கால் வைத்து அலமாரி செய்துகொள்ளுங்கள். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அங்கே ஒரு வீட்டில், "காக்கா, இது எங்க உம்மாவோட வாப்பா கட்டின சுவரு, பாத்து" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கவனம் சரியானதுதான்.

பிளைவுட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.எஸ். 710 முத்திரை இருந்தால் வாங்குங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாத பசை அது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு வெட்டி வீட்டு அடுப்பில் கொதிக்க விடுங்கள், மட்டமானது அன்றைக்கே ஏடு ஏடாகப் பிரியும். மரத்தூள் பலகை பக்கமே போக வேண்டாம்.

பனை கேட்டு வருகிறவர்களுக்கு: பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-லேயே அரசு அறிவித்துவிட்டது. சாயல்குடிப் பக்கம் பழைய ஓட்டு வீடு பிரிக்கும்போது வருகிற கைமரங்களைத் தேடுங்கள். வெளிப்பக்கம் கறுத்த வைரம், உள்ளே சோறு. சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டை போடாமல் ஆணி அடித்தால் ஒன்று ஆணி வளையும், இல்லை மரம் பிளக்கும். சிலாம்பு ஏறினால் இரண்டு நாள் வலி.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் கொடுக்கச் சொல்வது சீமைக் கருவேலம். எல்லாரும் ஏசுகிற மரம், விறகுக்கும் கரிக்கும் மட்டும்தான் என்று முடிவு கட்டியாகிவிட்டது. அகலப் பலகை கிடைக்காது, கோணல்தான். ஆனால் காய்ந்த பிறகு அவ்வளவாகத் திருகாது, இழைத்தால் செம்பழுப்பாக மெருகு கொடுக்கும். முக்காலி, உளிப்பிடி, தாழ்ப்பாள் கட்டை, சாவி மாட்டுகிற பலகை எல்லாம் செய்யலாம். வெட்டிய உடனே பட்டையை உரித்து, இரண்டு முனையிலும் பழைய பெயின்ட்டைத் தடவி, நிழலில் அடுக்கி ஒரு கோடையாவது கடக்க விடுங்கள். பட்டையோடு வைத்தால் வண்டு துளைத்துவிடும். கரிமூட்டத்துக்குப் போகிற வண்டியை மறித்துக் கேட்டால், நேரான துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ள விடுவார்கள். விறகு விலைதான்.