மறுக்கலாம், ஆனால் யார் வருவார்?

எங்கள் வோட்டுக்குப் புதிதாக வந்த தாதிப் பிள்ளை கேட்டாள்: "அக்கா, கருக்கலைப்புக்கு உதவ என்ர மனசாட்சி இடம் தராது. மாட்டன் எண்டு சொல்லலாமோ?"

கேட்க வேண்டிய கேள்வி. பிரித்தானியாவின் 1967ஆம் ஆண்டுச் சட்டம், 4ஆம் பிரிவில் அந்த உரிமையைத் தருகிறது. தாயின் உயிரைக் காக்க வேண்டிய இடத்தில் அது செல்லாது. 2014இல் கிளாஸ்கோ மருத்துவமாதுகள் இருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: நேரடியாகக் கைவைக்கும் வேலையை மறுக்கலாம், மேற்பார்வையை மறுக்க முடியாது.

இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. அப்படியென்றால் இங்கே சட்டப்படி அந்த வேலை வருவதே உயிர் ஊசலாடும்போதுதான். அங்கே எப்படி விலகி நிற்பது?

லண்டனில் ஒருவர் விலகினால் அடுத்தவர் வருவார். துணுக்காய்ப் பக்கமிருந்து நடுச்சாமத்தில் ஓட்டோவில், சுற்றிய துவாய் நனைய நனைய வருகிறவளுக்கு நைட் டியூட்டியில் நிற்கிற தாதியை விட்டால் ஆளில்லை.

பிள்ளையிடம் சொன்னேன்: "உன்ர நம்பிக்கையை மேற்றனிட்ட இப்பவே சொல்லி வை. ஆனா இரத்தப்போக்கோட வாறவளுக்கு முதல்ல சேலைன் ஏத்து, பிரஷர் பார், டொக்டரைக் கூப்பிடு. கருவைக் கலைக்க என்ன குளிசை போட்டவ எண்டு மருத்துவத்துக்காக மட்டும் கேள்."