செந்தூல்–பத்துமலை: ஓப்பன் ரெயில்ஸில் மீட்டர் கேஜ் பாதை

ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டருக்கு மலேசியாவின் செந்தூல்–பத்துமலை ரயில் பாதையை உருவாக்குவது பற்றிய குறிப்பு இது. செந்தூலிலிருந்து பத்துமலை வரை ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர். இலவசமாக வெளியிடும் முதல் பாதைக்கு இது போதும். சிக்கல் கேஜில், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தில்தான்: மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் தண்டவாளம் 1000 மில்லிமீட்டர், வழக்கமாகக் கிடைக்கும் தண்டவாள மாடல்களோ 1435.

நேர்ப்பாதையும் வளைவும் சுலபம். ரயில் ஓடும் வழியைச் சிமுலேட்டருக்குச் சொல்லும் டிராக் தரவுத்தளத்துக்கு நடுக்கோடு மட்டுமே தெரியும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடல் மென்பொருளில் இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்பையும் நடுக்கோட்டிலிருந்து 500 மில்லிமீட்டரில் வைத்து, பழைய கோப்புப் பெயரிலேயே சேமித்தால் வேலை முடிந்தது.

ஒரு பாதை இரண்டாகப் பிரியும் ஸ்விட்ச் அப்படியல்ல. மாடலைப் பக்கவாட்டில் நசுக்கினால் பிரியும் பாதையின் நடுக்கோடும் சேர்ந்து நகரும். சக்கரங்களோ தரவுத்தளத்தின் பழைய நடுக்கோட்டிலேயே போவதால் ஜல்லியில் ஓடும். தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடமே மாறுகிறது. பிரியும் வளைவின் ஆரத்தையும் கேஜையும் மீட்டரில் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள்; வளைவு தொடங்கும் இடத்திலிருந்து அந்த வெட்டுமிடம் வரையிலான தூரம் ஏறத்தாழ கிடைக்கும். 500 மீட்டர் ஆரத்துக்கு 1435 கேஜில் சுமார் 37.9 மீட்டர், மீட்டர் கேஜில் 31.6. ஆகவே ஸ்விட்சைப் புதிதாகத்தான் வரைய வேண்டும். வண்டிக் கோப்பிலும் கேஜை 1 மீட்டர் என்று எழுதுங்கள். வளைவு உராய்வுக் கணக்குக்கு அது தேவை.

நிலத்துக்கு எஸ்ஆர்டிஎம் என்ற, விண்வெளியிலிருந்து ராடாரால் அளந்த நில உயரத் தரவு போதும், பத்துமலை தவிர. அந்தத் தரவின் புள்ளிகள் சுமார் 30 மீட்டருக்கு ஒன்று. சுண்ணாம்புப் பாறையின் செங்குத்துச் சுவர் உருண்டை மேடாகிவிடும். குன்றைத் தனி மாடலாகச் செய்யுங்கள். 42.7 மீட்டர் முருகன் சிலையை அளவுகோலாக வையுங்கள். தைப்பூசத்துக்குப் போன எவருக்கும் அங்கே உயரம் பிசகினால் உடனே தெரிந்துவிடும்.

பிறர் செய்த மாடல்களை அனுமதியின்றித் தொகுப்பில் சேர்க்க வேண்டாம்.