ஏடிவியின் பின்புற சஸ்பென்ஷன்: ஷாக்கை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்போர்ட் ஏடிவியின் (கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) பின்புறம் மேடுபள்ளங்களில் தூக்கி அடித்தாலோ, தாவி இறங்கும்போது அடிவரை அமுங்கி இடித்தாலோ, புதிய ஷாக் அப்சார்பர் வாங்கிவிடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். என் வண்டியின் பின்புறத்தை வீட்டிலேயே மேம்படுத்த முனைந்தபோது நான் வேறு வரிசையைப் பின்பற்றினேன்: முதலில் லிங்கேஜ் (ஷாக்கைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் நெம்புகோல் அமைப்பு), அடுத்து ஸ்பிரிங், ஷாக்கைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு.

இத்தகைய வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில் சுழல்கின்றன. அதைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையான ஸ்விங்ஆர்முக்கும் ஒற்றை ஷாக்குக்கும் இடையே பெரும்பாலும் ஒரு லிங்கேஜ் இருக்கிறது. சேறும் நீரும் நேராக வந்து மோதும் இடத்தில் அதன் ஊசி பேரிங்குகள் இருப்பதால், கிரீஸ் கழுவப்பட்டுத் துருவேறி இறுகிவிடுகின்றன. சேசிஸின் அடியில் ஜாக்கியும் உறுதியான தாங்கியும் கொடுத்துப் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, ஷாக்கின் போல்ட்டுகளைக் கழற்றிய பின், ஸ்விங்ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தடையின்றி நகர வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது. இறுகிய லிங்கேஜோடு எவ்வளவு உயர்ந்த ஷாக்கைப் பூட்டினாலும் பணம்தான் வீண்.

அடுத்தது சேக், அதாவது எடையால் வண்டி அமுங்கும் அளவு. சக்கரங்கள் தொங்கும் நிலையில் ஆக்சிலிலிருந்து அதற்கு நேர் மேலே ஓர் இடம் வரை அளந்து, பிறகு முழுக் கவச உடையுடன் நீங்கள் அமர்ந்திருக்க, மற்றொருவர் அதே தூரத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, சக்கரம் மேலும் கீழும் செல்லக்கூடிய மொத்த நகர்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருப்பது நல்ல தொடக்கம், 250 மி.மீ. நகர்வுள்ள வண்டிக்கு 80 மி.மீ. அளவில் வரும். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோட் வளையத்தைத் திருகி இந்த அளவை எட்டிவிடலாம் என்றாலும், ஸ்பிரிங் பொருத்தமானதா என்பது, அதை எட்டிய பிறகு ஆளில்லாத வண்டி தன் எடையால் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அது ஏறக்குறைய அமுங்கவே இல்லையென்றால், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மையானது. பிரீலோடை மிகுதியாக ஏற்றி அந்தக் குறையை மறைத்திருக்கிறீர்கள். மாறாக, மிகுதியாக அமுங்கினால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினமானது. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள் பலர், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியே நிறைவடைவார்கள் என்பது என் எண்ணம்.

ஷாக் மீண்டு எழும் வேகத்தையும் (ரீபவுண்ட்) அமுங்கும் வேகத்தையும் (கம்ப்ரஷன்) கட்டுப்படுத்தும் திருகுகளைத் தொடுவதற்கு முன், அவை இப்போது எத்தனையாவது கிளிக்கில் நிற்கின்றன என்று எழுதி வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரீபவுண்ட் மிக மெதுவாக இருந்தால் தொடர் மேடுகளில் பின்புறம் மீண்டு எழ நேரமின்றிப் படிப்படியாகத் தாழ்ந்துவிடும். மிக வேகமாக இருந்தால் உதைத்து எழும்பும். ஷாக்கோடு இணைந்த, நைட்ரஜன் அடைத்த கலமான ரிசர்வாயரை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். உள்ளே உயர் அழுத்தம் இருப்பதால், எண்ணெய் மாற்றும் வேலையை அதற்குரிய கருவிகள் உள்ள பட்டறைக்கே விட்டுவிடுவேன்.

எல்லாவற்றையும் கையேட்டில் உள்ள டார்க் (திருகும் விசை) அளவுக்கு இறுக்கிய பின், செயினின் தளர்வையும் பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்மின் சுழல் அச்சு, ஆக்சில் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிகவும் இறுகும் என்பதால், அந்த நிலையிலும் சிறிது தளர்வு மிஞ்சியிருக்க வேண்டும்.