உள்ளேயே ஆள் இருக்கு

அவர் சொன்னது பொய் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. உண்மைதான் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை, அதுதான் தொல்லை. வேலை மாறி, புது இடம் பழகி, சம்பளத்திலும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அந்த ஒரு போன் பேச்சு அவ்வப்போது வந்து குடைகிறது.

“அந்த இடத்துக்கு உள்ளேயே ஆள் இருக்கு. உங்களைக் கணக்குக்குத்தான் கூப்பிடுறாங்க. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

சொன்னவர், கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கிற ஒரு கன்சல்டன்சியில் ரெக்ரூட்டர். லிங்க்ட்இன் வழியாக வந்த பழக்கம். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ப்ரொஃபைலில் இருக்கிற படம்தான் எனக்கு அவர் முகம். ஆனால் வருடக்கணக்கில் தொடர்ந்த பழக்கம்.

அப்போது என் கையில் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. ஒன்று அவரே கொண்டுவந்தது. ஆஃபர் வந்துவிட்டது, பதில் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இன்னொன்று, எப்போதோ கூட வேலை பார்த்த ஒருவரின் ரெஃபரலில் வந்தது. கடைசி ரவுண்டுக்கு நாள் குறித்திருந்தார்கள். என் மனசு இரண்டாவதில்தான் இருந்தது. அந்தக் கம்பெனிக்கு இவர் முன்பு ஆள் எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று தெரியும். அதனால் நானாகவே கேட்டேன்: இப்படி ஒன்று போய்க்கொண்டிருக்கிறது, அந்த இடம் எப்படி? “பேச முடியுமா? 2 நிமிஷம்” என்று பதில் வந்தது. போனை எடுத்தால் மேலே இருக்கிற வாசகம்.

கடைசி ரவுண்டுக்கு வரவில்லை என்று மெயில் போட்டுவிட்டு, அவர் கொண்டுவந்த ஆஃபருக்குச் சரி என்றேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். சில மாதங்கள் கழித்து லிங்க்ட்இனில் ஒரு பதிவு கண்ணில் பட்டது. அதே கம்பெனி, அதே பதவி. “மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்” வகைப் பதிவுதான். போட்டிருந்தவரின் ப்ரொஃபைலைத் திறந்து பார்த்தேன். அந்தக் கம்பெனியில் அவருக்கு இதுதான் முதல் வேலை. அதற்கு முன்னால் வேறொரு கம்பெனி. உள்ளே இருந்த ஆள் இல்லை. வெளியிலிருந்து வந்தவர். என்னைப் போல.

பதிவுக்குக் கீழே கை தட்டியிருந்தவர்களின் வரிசையில் நம் ரெக்ரூட்டரும் இருந்தார்.

இதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வர முடியும்? ஒன்றும் முடியாது என்பதே என் நேர்மையான பதில். உள்ளே இருந்த ஆளுக்கு வேறு எங்காவது நல்ல இடம் கிடைத்துப் போயிருக்கலாம். கடைசி நேரத்தில் மேலே இருப்பவர் மனசு மாறியிருக்கலாம். உள்ளே ஒருவரை நினைத்துக்கொண்டு வெளியே தேட ஆரம்பித்து, வெளியே வந்தவரே பிடித்துப்போவதும் உண்டு. கை தட்டுவதோ, அவர் தொழிலில் மூச்சு விடுவது மாதிரி. யாருக்கு வேலை கிடைத்தாலும் தட்டுவார். எனக்கும் தட்டியிருக்கிறார்.

இப்படி அவர் பக்கம் வாதாடிக்கொண்டே வரும்போது, எதிர்ப்பக்கத்து வக்கீலும் எனக்குள்ளேயே எழுந்து நிற்கிறார். அவருக்குப் பணம் கொடுப்பது யார்? நான் இல்லை. ஆள் தேவைப்படுகிற கம்பெனி கொடுக்கிறது. அதுவும் நான் சேர்ந்தால்தான். என் முதல் வருடச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று பேசி வைத்திருப்பார்கள். சேர்ந்தவர் உத்தரவாத காலத்துக்குள், பல இடங்களில் அது 90 நாள், விட்டுப் போய்விட்டால் வேறு ஆள் தர வேண்டும், அல்லது வாங்கியதைத் திருப்ப வேண்டும். இதெல்லாம் எனக்கு அவரே சொன்னது. ஆக, நான் அந்தக் கடைசி ரவுண்டுக்குப் போய்த் தேறியிருந்தால் அவருக்குப் பல மாத உழைப்பு வீண். ஒரு வீட்டுத் தரகரிடம் போய், இன்னொரு தரகர் காட்டிய வீடு எப்படி என்று கேட்டவன் நான்.

ஆனால் கேட்டது நான்தானே. அவராக வந்து சொல்லவில்லை. தவிர, எனக்கு நஷ்டம் வரக்கூடாது என்று அவர் தன் கமிஷனை விட்டுக்கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் முன்பு ஒரு இடத்துக்கு என்னை அனுப்பியவர், இரண்டாவது ரவுண்டுக்கு முந்தின நாள் கூப்பிட்டு, “அந்த மேனேஜர்கிட்ட ஆள் தங்கறதில்ல. நான் அனுப்பினவங்களே போய்ட்டாங்க. யோசிச்சுக்கோங்க” என்றார். நான் விலகினேன். அவருக்கு அதில் ஒரு பைசா லாபம் கிடையாது. அப்படிப்பட்டவர் இந்த முறை மட்டும் ஏன் கதை விட வேண்டும்?

உடனே எதிர்ப்பக்கம்: அந்த மேனேஜரிடம் நான் சேர்ந்து 90 நாளுக்குள் ஓடியிருந்தால் அவர் பாடு என்ன?

பாருங்கள், இப்படியே போய்க்கொண்டிருக்கும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் நான் ஏன் அந்த ஒரு வாக்கியத்தை அவ்வளவு சுலபமாக விழுங்கினேன் என்பது புரியும். முதலில் இன்மெயிலில், அதாவது லிங்க்ட்இனில் முன்பின் தொடர்பில்லாதவருக்கும் அனுப்பக்கூடிய செய்தியில், ஒரு வேலையைப் பற்றி எழுதியிருந்தார். எனக்குப் பொருந்தாத வேலை. பலர் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா விட்டுவிடுவார்கள். நான், இப்போது மாறுகிற எண்ணம் இல்லை, மாறினால் இந்த மாதிரி வேலைகளைத்தான் பார்ப்பேன் என்று இரண்டு வரி எழுதினேன். மரியாதைக்காகத்தான். அவர் அதற்கு நன்றி சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் விளக்கினார்: இன்மெயில் அனுப்ப அவர்களுக்கு அளவாகத்தான் கிரெடிட் உண்டு; 90 நாளுக்குள் பதில் வந்தால், ‘வேண்டாம்’ என்ற பதிலாக இருந்தாலும், அந்தக் கிரெடிட் திரும்பி வரும். பதிலே வராவிட்டால் போச்சு. வேண்டாம் என்று சொல்வதுகூட ஒருவருக்கு உபகாரம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் சின்னச் சின்னதாக. அவர் தேடுகிற ஆள் நான் இல்லையென்றால், தெரிந்தவர்களைக் கேட்டுவிட்டு, அவர்கள் சரி என்ற பிறகு பெயர் கொடுத்தேன். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்பதை மூடி மறைக்காமல் சொன்னேன். வேறு வழியாக வேலை கிடைத்தபோதும் மறைக்காமல் சொன்னேன். அவரும் என் ப்ரொஃபைலைப் பார்த்துவிட்டு, தலைப்பு வரியில் இருந்த அலங்கார வாசகத்தை எடுக்கச் சொன்னார். “நீங்க என்ன வேலை பார்க்கிறீங்களோ அந்தப் பேரைப் போடுங்க. நாங்க அதை வச்சுத்தான் தேடுவோம். ‘கனவுகளை நனவாக்குபவர்’னு யாரும் தேட மாட்டாங்க.” வேலை தேடுகிறேன் என்று ஊருக்கே காட்டுகிற பச்சை வளையத்தை ப்ரொஃபைல் படத்தில் போடுவதா வேண்டாமா என்று கேட்டபோது, வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னார், சொந்தக் கம்பெனி ரெக்ரூட்டர்கள் கண்ணில் படாமல் இருக்க லிங்க்ட்இன் முயற்சி எடுத்தாலும் முழு உத்தரவாதம் தருவதில்லை, அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். நல்ல யோசனைகள். எல்லாமே பலித்தன. ஒருவர் சொல்கிற சின்ன விஷயங்கள் வரிசையாகப் பலித்தால், பெரிய விஷயத்தைச் சொல்லும்போது நாம் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

வேலை விஷயத்தில் நெருங்கியவர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் உதவுகிறார்கள் என்று மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-லேயே எழுதினார். அவர் விசாரித்ததில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அடிக்கடி சந்திக்கிற ஆளால் வேலை பெற்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திக்கிறவரால் பெற்றவர்கள் 55.6 சதவீதம். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவர்தான் நமக்குத் தெரியாத சேதியைக் கொண்டுவருவார் என்பது அவர் வாதம். பிறகு லிங்க்ட்இனிலேயே இரண்டு கோடிப் பேர் சம்பந்தப்பட்ட பரிசோதனை நடத்தி, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். ரொம்ப மெலிசான தொடர்பும் இல்லை, ரொம்ப நெருக்கமானதும் இல்லை, ஓரளவு மெலிசான தொடர்புதான் வேலைக்கு அதிகம் உதவுகிறது என்று வந்தது.

அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் அனுபவமும் அதுதான். அந்த இரண்டு வாய்ப்புகளுமே அப்படிப்பட்ட ஆட்கள் மூலம் வந்தவை. எனக்கு உறைப்பது வேறு ஒன்று. நெருங்கிய நண்பன் பூசி மெழுகிப் பேசினால் குரலிலேயே தெரிந்துவிடும். எதற்கு மிகைப்படுத்துவான், எதை மறைப்பான் என்று அத்துப்படி. தூரத்து மனிதர் சேதி கொண்டுவருவார், ஆனால் அந்தச் சேதியை நிறுத்துப் பார்க்க நம்மிடம் தராசு இல்லை. அவர் தூரத்தில் இருப்பதால்தான் சேதி புதிது. அதே தூரத்தால்தான் அதைச் சரிபார்க்கவும் வழியில்லாமல் போகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வாங்க முடியவில்லை.

சரிபார்க்க வழியே இல்லையா? இருந்தது. ரெஃபரல் கொடுத்தவரைக் கேட்டிருக்கலாம். அவர் அந்தக் கம்பெனிக்கு உள்ளேயே இருக்கிறவர். “உள்ளே யாரையாவது நினைச்சிருக்காங்களா?” என்று ஒரு வரி போதும். கேட்கவில்லை. ஏனென்றால் அந்த மூன்றாவது வாக்கியம்: நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பெயரைச் சொல்லாமலும் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, கேட்டாலே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். முன்னாள் கஸ்டமரின் உள்விவகாரத்தை வெளியே சொன்னால் அவர் பிழைப்புக்கு ஆபத்து. அப்படிக் கேட்டுக்கொண்டது நியாயம்தான். ஆனால் பொய் சொல்கிறவருக்கும் அதே வாக்கியம்தான் வசதி. ஒரு வாக்கியம் இரண்டு பக்கமும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால் என்ன செய்வது?

இதில் இன்னொரு உறுத்தல். எங்கள் உரையாடல் முழுக்க லிங்க்ட்இன் பெட்டியில் அப்படியே கிடக்கிறது. முதல் இன்மெயில், தலைப்பு வரி பற்றிய கிண்டல், பண்டிகை வாழ்த்து, எல்லாம். மேலே தள்ளிக்கொண்டே போனால் அந்த நாளும் வருகிறது. “பேச முடியுமா? 2 நிமிஷம்.” அதற்குக் கீழே “கூப்பிடுங்க” என்று நான். அடுத்த செய்தி மறுநாள்: “முடிவு பண்ணிட்டேன், ஆஃபர் ஓகே.” நடுவில் ஒன்றும் இல்லை. எழுத்தில் வரக்கூடாததை எழுத்தில் வராமல் பார்த்துக்கொள்வது அந்தத் தொழிலில் சாதாரணம். நானே அலுவலகத்தில் எத்தனை விஷயத்தை “போன்ல பேசலாம்” என்று தள்ளியிருக்கிறேன். அதெல்லாம் பொய் சொல்வதற்காகவா?

அவரையே நேராகக் கேட்டுவிட்டால் என்ன என்று சிலர் சொன்னார்கள். ஒருமுறை எழுதவும் எழுதினேன். “அந்த இடத்துக்கு வெளி ஆளைத்தான் எடுத்திருக்காங்க போல, பார்த்தீங்களா?” சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. படித்துப் பார்த்தால் குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. ஒரு சிரிப்பு முகம் சேர்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. அழித்துவிட்டேன். அவர் என்ன பதில் சொன்னாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை. “ஆமா, கடைசி நேரத்துல மாறிடுச்சு” என்பார். உண்மை சொல்பவரும் அதைத்தான் சொல்வார், மற்றவரும் அதைத்தான் சொல்வார்.

சில நாள் என்னையே சந்தேகப்படுகிறேன். கடைசி ரவுண்டில் கம்பெனித் தலைவரோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. எனக்கு அதில் உள்ளூர நடுக்கம். கையில் ஒரு ஆஃபர், எதிரே ஒரு பயம். அந்த நேரத்தில் யாராவது “போகாதே, வீண்” என்று சொன்னால் இனிக்கத்தானே செய்யும். அவர் “உங்களுக்குத்தான் கிடைக்கும், தைரியமாப் போங்க” என்று சொல்லியிருந்தால் நான் நாலு இடத்தில் விசாரித்திருப்பேனோ என்னவோ. இல்லை, இதுவும் அதிகப்படி. ஆஃபருக்குப் பதில் சொல்ல வேண்டிய கெடு அந்த ரவுண்டுக்கு முன்னாலேயே வந்தது. கூடுதல் அவகாசம் கேட்டிருந்தால் கொடுத்திருக்கவும் கூடும். கேட்டால் ஆஃபரே கைவிட்டுப் போயிருக்கவும் கூடும். அந்தக் கணக்கில் நான் எடுத்த முடிவு, அவர் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும், பெரிதாக மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.

பழக்கம் விட்டுப்போகவில்லை. இப்போதும் அவர் மெசேஜ் வந்தால் முதலில் பதில் போடுகிறவன் நான். போன மாதம் ஒரு வேலைக்கு ஆள் கேட்டார். பார்த்தால், நான் போகாமல் விட்ட அதே கம்பெனி. மறுபடி அவருடைய கஸ்டமர் ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது. எப்போது ஆனார்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. எங்கள் டீமிலிருந்து விலகி வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் நினைவு வந்தது. அவளிடம் கேட்டுவிட்டு ரெஸ்யூமேயை அனுப்பி வைத்தேன்.

“ஆள் எப்படி சார், நம்பலாமா?” என்று கேட்டாள். நல்லவர், வேகமாக வேலை செய்வார், நேராகப் பேசுவார், நம்பு என்றேன். சொல்லிவிட்டு, இன்னொரு கன்சல்டன்சியிலும் பேசி வைத்துக்கொள் என்றேன். சற்றுக் குழம்பின மாதிரி பார்த்தாள். இரண்டு பேரும் உன் ரெஸ்யூமேயை ஒரே கம்பெனிக்கு அனுப்பிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள், யார் கொண்டுவந்த ஆள் என்று அவர்களுக்குள் தகராறு வந்தால் கம்பெனி உன்னையே ஓரங்கட்டிவிடும், அனுப்புவதற்கு முன்னால் உன்னைக் கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லி இரண்டு பேரிடமும் எழுத்தில் வாங்கிவிடு என்றேன்.

“போன்ல சொன்னா போதாதா சார்?” என்றாள்.

போதாது என்றேன்.